இரும்புக்குள்ளே தரகர் யார்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். ரயில் நிலையம் உண்டு, வயல்வெளி உண்டு. ஆனால், மதுரைக்காரர்கள் இந்த ஊர்ப் பெயரை அடிக்கடி பார்ப்பது மின்தடை அறிவிப்பில்தான். ‘சமயநல்லூர் துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணி’ என்று நாளிதழில் இரண்டு வரி வந்துவிட்டால், அன்றைக்கு மாவு அரைப்பது, மோட்டார் போடுவது எல்லாம் காலை 9 மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

மின்தடை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். கரென்ட் போவது ஒன்று. கம்பிக்குள் கரென்ட் ஓடவிடாமல் இழுத்துப் பிடிக்கும் குணம் இன்னொன்று. முதல் மின்தடையைச் சரிசெய்தே வாழ்நாளைக் கழித்த ஒருவரின் மகள், இரண்டாவது மின்தடை முற்றிலும் காணாமல் போகும் ஓர் அதிசயத்தைப் படிக்க ஆசைப்பட்டாள். சமயநல்லூரில் அந்த வீட்டில் கடந்த கோடைக்காலம் முழுக்க ஓடிய விவாதம் அதுதான்.

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். பி.எட். சேர்ந்தால் இரண்டு வருடத்தில் டீச்சர் ஆகலாம் என்பது அப்பாவின் கணக்கு. கட்டணத்துக்கான பணத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மகளுக்கு பிஹெச்.டி. நேர்காணல் கடிதம் வந்தது.

“எதைப் பத்தி ஆராய்ச்சி?” என்று கேட்டார் அப்பா.

“இரும்பு கலந்த சில பொருள்ல எலெக்ட்ரானெல்லாம் ஜோடி சேருதுப்பா. எப்படிச் சேருதுன்னு கண்டுபிடிக்கணும்.”

“இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலையா?”

“2008-லருந்து தேடுறாங்க. நிறைய பதில் இருக்கு. எல்லாரும் ஒத்துக்கிட்ட பதில்னு ஒண்ணு இல்ல.”

“உலகத்துல இருக்கிற விஞ்ஞானியெல்லாம் தேடியும் கெடைக்காத பதில, சமயநல்லூர்லருந்து போய் நீ தேடப்போறியா பாப்பா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. மகளின் ஐந்து வருடம் வீணாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவளிடம் உடனடிப் பதில் இல்லை.

கயிற்றுக்கட்டிலில் விழும் குழி

கம்பியில் போகும் கரென்ட் முழுதாகப் போய்ச் சேராது என்பது அப்பாவுக்குப் புத்தகம் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. ஜாயின்ட் சரியில்லாத இடத்தில் கம்பி சூடேறிக் கருத்துப்போவதைக் கம்பத்தில் ஏறி நின்று பார்த்தவர் அவர். கம்பிக்குள் ஓடும் எலெக்ட்ரான்கள், அதிர்ந்துகொண்டே இருக்கும் அணுக்களில் மோதுகின்றன. மோதும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை வெப்பமாக இழக்கின்றன. மின்தடை என்பது அதுதான்.

1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கேமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனார். மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அருகே அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. குறையவில்லை, இல்லாமலே போனது. இப்படிப்பட்ட பொருள்தான் ‘சூப்பர் கண்டக்டர்’, பாடப்புத்தகத் தமிழில் மீக்கடத்தி.

இது எங்கோ ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. அப்பாவுக்கு இடுப்பு வலி வந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்களே, அந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் காந்தமாக இருப்பது நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள். திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கும் அந்தச் சுருளில் ஒருமுறை கரென்ட்டை ஏற்றிவிட்டால், மேற்கொண்டு சப்ளை கொடுக்காமலே அது சுற்றிக்கொண்டிருக்கும். குளிர் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் செலவு.

“சப்ளை இல்லாமலா?” என்றார் அப்பா.

“சப்ளை இல்லாமத்தான்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். அத்தனை வருடம் லைனில் நின்ற மனிதருக்கு அந்த வாக்கியம் என்னவோ செய்தது.

மின்தடை ஏன் இல்லாமல் போகிறது? விடை வர 46 வருடம் ஆனது. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூன்று அமெரிக்கர்கள் விளக்கினார்கள். எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துவிடுகின்றன. தனியாகப் போகிறவரை இடித்துத் தள்ளிவிடலாம். எல்லோரும் கைகோத்து, ஒரே தாளத்தில் போகும் ஊர்வலத்தை அப்படிச் சிதறடிக்க முடியாது. அதனால்தான் அணுக்களின் இடி அந்தக் கூட்டத்தைப் பாதிப்பதில்லை. மூவருக்கும் 1972-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், எலெக்ட்ரான்கள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குபவை. அவை ஜோடி சேர வேண்டுமானால் நடுவில் ஒரு தரகர் வேண்டும்.

பழைய மீக்கடத்திகளில் அந்தத் தரகர், அணுக்களின் அதிர்வு. அப்பத்தாவின் கயிற்றுக்கட்டிலை வைத்து இதை வீட்டில் விளக்கினாள் மகள். ஒருவர் உட்கார்ந்தால் கயிறு குழிந்துவிடும். அவர் எழுந்துபோன பிறகும் அந்தக் குழி சற்று நேரம் இருக்கும். அடுத்து வருபவர் தானாக அந்தக் குழிக்குள் சரிவார். ஓர் எலெக்ட்ரான் கடந்து போகும்போது, சுற்றியுள்ள நேர்மின் அணுக்களைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துவிட்டுப் போகிறது. கனமான அணுக்கள் பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள், அந்த நேர்மின் குழியால் இரண்டாவது எலெக்ட்ரான் ஈர்க்கப்படுகிறது. இருவரும் நேருக்கு நேர் சந்திக்காமலே ஜோடி ஆகிவிடுகிறார்கள்.

ஆகாத உலோகம்

இந்தக் கல்யாணத்துக்கு ஆகவே ஆகாதது என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது இரும்பு. காரணம், காந்தத்தன்மை. ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். வழக்கமான ஜோடியில் ஒன்று மேல் நோக்கினால் மற்றது கீழ் நோக்கும். அருகே ஒரு காந்த அணு இருந்தால், இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும், ஜோடி உடைந்துவிடும்.

பெர்ண்ட் மத்தியாஸ் என்ற விஞ்ஞானி நிறைய மீக்கடத்திகளைக் கண்டுபிடித்தவர். புதிய மீக்கடத்தி தேடுவோருக்கு அவர் பெயரில் சில விதிகள் சொல்லப்படுவது உண்டு: ஆக்சிஜன் பக்கம் போகாதே, காந்தம் பக்கம் போகாதே, மின்கடத்தாப் பொருள் பக்கம் போகாதே. கடைசி விதி, கோட்பாட்டு இயற்பியலாளர்கள் பக்கமே போகாதே! இந்தக் கடைசி விதியை அப்பாவிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாள் மகள்.

விதிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. 1986-ல் சூரிச்சில் பெட்னோர்ஸும் முல்லரும் ஆக்சிஜன் கலந்த ஒரு செம்புச் சேர்மத்தில் மீக்கடத்தலைக் கண்டார்கள். அதன் தாய்ப்பொருள் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. அடுத்த வருடமே இன்னொரு செம்புச் சேர்மம் மைனஸ் 180 டிகிரியிலேயே மீக்கடத்தி ஆனது.

அங்கே அதிர்வு என்ற பழைய தரகரால் மட்டும் வேலை நடக்காது என்று வாதிட்டவர் பிலிப் ஆண்டர்சன். 1987-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அவரோடு சேர்ந்து அந்தக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவர் கணபதி பாஸ்கரன். பின்னர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1990-ல் பட்நாகர் விருது பெற்றவர். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் குணத்திலிருந்தே ஜோடி பிறக்கலாம் என்பது அந்தக் கோட்பாட்டின் சாரம். இந்தக் கேள்வியில் மூளையைச் செலவழித்த தமிழர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்பது மகளுக்குத் தெம்பாக இருந்தது.

மிச்சம் இருந்தது காந்த விதி. 2008 பிப்ரவரியில் அதுவும் உடைந்தது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதேயோ ஹோசோனோவின் குழு, மின்னணுச் சாதனங்களுக்கான குறைக்கடத்திகளைத் தேடிக்கொண்டிருந்த குழு. லாந்தனம், இரும்பு, ஆர்செனிக், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருளில் கொஞ்சம் ஃபுளோரினைக் கலந்தார்கள். அது மைனஸ் 247 டிகிரியில் மீக்கடத்தி ஆனது. சில வாரங்களிலேயே சீனாவில் லாந்தனத்துக்குப் பதில் சமாரியத்தைப் போட்டு மைனஸ் 218 வரை உயர்த்தினார்கள். ஆகாது என்று தள்ளிவைத்த இரும்பு, மணமேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது.

பழைய தரகர்தான் இங்கேயும் முடித்துவைத்தாரா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அணு அதிர்வு மட்டும்தான் என்றால், ஹோசோனோவின் பொருளில் மீக்கடத்தல் 1 கெல்வினைக்கூடத் தொடாது என்று கணக்கு சொன்னது. உண்மையில் கிடைத்தது 26 கெல்வின். அப்படியானால் வேறு யாரோ இருக்கிறார்கள்.

அப்பத்தா சொன்ன கதை

துப்பு ஒன்று தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், பேரியம், இரும்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த படிகத்தை அழுத்திப் பார்த்தார்கள். 2009-ல் அவாதேஷ் மணியும் சக விஞ்ஞானிகளும் வெளியிட்ட முடிவு அது. சாதாரண நிலையில் குளிரவைத்தால், இந்தப் படிகத்தின் இரும்பு அணுக்கள் எதிரெதிர்க் காந்தங்களாக வரிசை கட்டி நின்றுவிடும். மீக்கடத்தல் வராது. அழுத்தத்தை ஏற்ற ஏற்ற அந்தக் காந்த வரிசை தளர்கிறது. மீக்கடத்தல் எட்டிப் பார்க்கிறது. காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 15,000 மடங்கு அழுத்தத்தில் காந்த வரிசை அழிகிறது. ஏறத்தாழ அதே இடத்தில்தான் மீக்கடத்தலும் உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேலும் அழுத்தினால் மீக்கடத்தல் இறங்கத் தொடங்குகிறது.

காந்தம் வலுவாக இருந்தால் ஜோடி இல்லை. காந்தம் முழுக்கத் தொலைந்துபோனாலும் ஜோடி பலவீனம். காந்தம் சாகப்போகும் அந்த எல்லையில்தான் ஜோடி பலமாக இருக்கிறது. ஏன்?

மகள் இதை அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்தார்.

“ஏந்தாயி, எனக்குப் பேசி முடிச்சது எந்தத் தரகன்னு நெனைக்கிற? ஒந்தாத்தா வீட்டுக்கும் எங்கய்யா வீட்டுக்கும் வாய்க்காத் தண்ணித் தகராறு. வருசக்கணக்காப் பேச்சுவார்த்த கெடையாது. சண்ட உச்சத்துல இருந்தப்பப் பொண்ணு கேக்க முடியுமா? வெட்டுக்குத்துதேன் நடக்கும். சண்டையே இல்லாத வீடுன்னா எங்கள எதுக்கு அவுக நெனைக்கப்போறாக? சண்ட ஓஞ்சு வர்ற நேரம் பாரு, ரெண்டு வீட்டுக்காரவுகளும் ஒருத்தர ஒருத்தர் உத்துப் பாத்துக்கிட்டே கெடந்தாக. அப்பத்தேன் சம்பந்தப் பேச்சு வந்துச்சு. அந்தச் சண்டதேன் எனக்குத் தரகன்.”

மகள் அப்பத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக் கட்டுரைகளில் படித்த விஷயம் வெற்றிலை உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

இன்றைக்குப் பெரும்பாலான இயற்பியலாளர்கள் சாயும் விளக்கம் கிட்டத்தட்ட இதுதான். காந்த வரிசை உறுதியாக இருந்தால் எலெக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கும். அது தளர்ந்து, இப்படியும் அப்படியுமாக அலைபாயும்போது, அந்தக் காந்த அலைபாய்தலே ஜோடி சேர்க்கும் தரகராகிறது. 2008-லேயே அமெரிக்காவில் இகோர் மாசின், டேவிட் சிங் குழுவும், ஜப்பானில் கசுஹிகோ குரோகி குழுவும் தனித்தனியே இதைச் சொன்னார்கள்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. இந்தத் தரகர் இழுத்துச் சேர்ப்பவர் அல்ல, விலக்குபவர். விலக்குவது எப்படிச் சேர்க்கும்? ஒரே சமையலறையில் ஒத்துப்போகாத இரண்டு ஓரகத்திகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலையில் சமைத்து, மற்றவர் மாலையில் சமைத்தால் குடும்பம் உடையாது. இரும்பு மீக்கடத்திகளில் எலெக்ட்ரான்கள் தங்கள் உந்தத்தைப் பொறுத்து இரண்டு முக்கியக் கூட்டங்களாக இருக்கின்றன. ஜோடிகளின் அலை ஒரு கூட்டத்தில் ப்ளஸ், இன்னொரு கூட்டத்தில் மைனஸ் என்று எதிரெதிராக அமைந்தால், கணக்கில் அந்த விலக்கலே ஈர்ப்பின் வேலையைச் செய்துவிடுகிறது. ‘எஸ் ப்ளஸ் மைனஸ்’ என்று இதற்குப் பெயர். நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சிச் செய்த சோதனைகளில் இதற்கு ஆதரவான தடயங்கள் கிடைத்தன.

அத்தோடு முடிந்துவிடவில்லை. ப்ளஸ்-மைனஸ் ஜோடி என்றால், கலப்பட அணுக்களைச் சேர்த்தால் சீக்கிரம் உடைய வேண்டும். எதிர்பார்த்த வேகத்தில் உடையவில்லையே என்று ஜப்பானின் ஹிரோஷி கொண்டானியும் செய்ச்சிரோ ஒனாரியும் 2010-ல் கேட்டார்கள். இரும்பு அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் குடியிருக்கும் ஆர்பிட்டால்களில் நடக்கும் அலைபாய்தல்தான் தரகர் என்பது அவர்கள் கட்சி. அதில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே குறிதான்.

இரும்பும் செலினியமும் மட்டும் சேர்ந்த எளிய பொருள் இன்னும் குழப்பியது. தைவானில் 2008-ல் அதில் கண்ட மீக்கடத்தல் வெறும் மைனஸ் 265 டிகிரியில். சாதாரண அழுத்தத்தில் அங்கே காந்த வரிசையே கிடையாது. 2012-ல் சீனாவில் ஷுவே சிகுன் குழு அதை ஒரே ஓர் அடுக்காக, ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற பொருளின் மேல் வளர்த்தது. ஜோடி சேர்வதற்கான அடையாளம் மைனஸ் 208 டிகிரி அருகிலேயே தெரிய ஆரம்பித்தது. அடியில் இருக்கும் பொருளின் அணு அதிர்வும் ஒரு கை கொடுக்கிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். கணக்கிலிருந்து வெளியே அனுப்பிய பழைய தரகர், கொல்லைப்புற வழியாக மறுபடி உள்ளே வருகிறார்!

ஒரு பொருளுக்கு ஒரு தரகரா, எல்லாப் பொருளுக்கும் ஒரே தரகரா, இரண்டு மூன்று பேர் கூடிப் பேசி முடித்ததா? கேள்வி அங்கேதான் நிற்கிறது.

எதற்காக ஐந்து வருடம்?

“சரி, தரகர் யாருன்னு தெரிஞ்சா எனக்கு என்ன, ஈ.பி.க்கு என்ன?” அப்பாவின் அடுத்த கேள்வி.

நியாயமான கேள்விதான். இரும்பு மீக்கடத்திகள் பலத்த காந்தப்புலத்தைத் தாங்கக்கூடியவை. சீனாவில் 2016-லேயே அவற்றில் 100 மீட்டர் நீளக் கம்பி செய்துவிட்டார்கள். ஆனால், எந்தப் பொருளை எதோடு கலந்தால் இன்னும் அதிக வெப்பநிலையில் மின்தடை மறையும் என்பதை இன்றைக்கு அனுபவத்தாலும் ஊகத்தாலும்தான் தேடுகிறார்கள். யார் தரகர் என்று தெரிந்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும். அப்படியே தெரிந்தாலும் சமயநல்லூர் கம்பங்களில் மீக்கடத்திக் கம்பி தொங்கும் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை. “அது என் காலத்துல நடக்குமான்னு எனக்குத் தெரியாதுப்பா” என்றாள்.

அந்த நேர்மை அப்பாவுக்குப் பிடித்திருந்தது. லைனில் எங்கே பழுது என்று தெரியாதபோது, தெரிந்த மாதிரி பேசுகிறவனை நம்பி ஃப்யூஸைப் போடக் கூடாது என்பது அவர் வேலையில் கற்ற பாடம். இருட்டில், மழையில், ஒவ்வொரு கம்பமாகப் பார்த்து, ‘இங்கே இல்லை’, ‘இங்கேயும் இல்லை’ என்று கழித்துக்கொண்டே போனால்தான் பழுது இருக்கும் இடம் வரும். அப்படி எத்தனையோ இரவுகள் அவர் நடந்திருக்கிறார்.

இன்னொரு தகவலும் அவரை அசைத்தது. தேசிய அளவிலான தகுதித் தேர்வில் தேறி ஆராய்ச்சியில் சேர்பவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்.

“படிக்கிறதுக்குச் சம்பளமா?”

“சம்பளம் இல்லப்பா, உதவித்தொகை.”

“மாசாமாசம் வந்தா அதுக்குப் பேரு சம்பளந்தேன்” என்று தீர்ப்புச் சொன்னார் அப்பத்தா. கல்யாணப் பேச்சை அவர் விட்டுவிடவில்லை. தள்ளிவைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நேர்காணலுக்கு அப்பாவும் சென்னை வரை கூடவே போனார். உள்ளே மூன்று பேராசிரியர்கள். கணக்குகள், குவாண்டம் இயக்கவியல் எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் கேட்டார், “பெரிய பெரிய குழுக்கள் இத்தனை வருஷமாத் தேடுற கேள்வி இது. அஞ்சு வருஷத்துல உனக்கும் விடை கிடைக்கலைன்னா?”

அப்பா முதல் நாள் கேட்ட அதே கேள்வி. இந்த முறை அவளிடம் பதில் இருந்தது.

“விடை கிடைக்கலைன்னாலும், குறைஞ்சது ஒரு பொருள்லயாவது, தரகர் இவர் இல்லைன்னு ஒருத்தரை உறுதியாச் சொல்லிட்டு வந்தாப் போதும் சார். அடுத்து தேடுறவங்களுக்கு ஒரு கம்பம் மிச்சம்.”

கம்பம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரிந்திருக்குமா தெரியாது. வெளியே மரத்தடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தவருக்குப் புரிந்திருக்கும்.

முடிவு இன்னும் வரவில்லை. பி.எட். கட்டணம் கட்டக் கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை. எடுத்து வைத்த பணம் பீரோவில் அப்படியே இருக்கிறது. அப்பா கட்டவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.